முதுகைக் காட்டிப் பாடிய லெஸ் ஹோல்ட்

இங்கிலாந்தின் வடக்கே, நூல் ஆலை ஊரான பிரிம்ஷாவில் லெஸ் ஹோல்ட்டை எல்லாருக்கும் தெரியும். ஆனால் லெஸ் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. காலையில் ரொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு அவன் தெருவுக்குள் நுழைந்தால், "என்ன டோரீன், இன்னிக்கு ரொட்டி புதுசா, இல்ல உன் பாட்டு மாதிரி பழசா?" என்று வாசலில் நிற்கிற பெண்கள் கேட்பார்கள். நாற்பதை நெருங்குகிற, முன்மண்டையில் முடி பாதி விடைபெற்றுக்கொண்ட, மீசை வைத்த ஓர் ஆண்பிள்ளைக்கு டோரீன் என்று பெண்பெயர் வந்ததற்கு அவன் வாயைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அவன் அப்பா நூல் ஆலையில் வேலை செய்தவர். அம்மா சேப்பல் என்கிற சின்னத் தேவாலயமே கதி என்று இருந்தவர். வீட்டில் வாத்தியம் என்றால் ஹார்மோனியம்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த வீட்டுக்குள் கிதார் வந்தது லெஸ்ஸின் மாமாவால். கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை பார்த்தவர், லிவர்பூலில் இறங்கும்போது சீட்டாட்டத்தில் ஜெயித்த கிதாரைக் கொண்டுவந்து பையன் கையில் கொடுத்துவிட்டார். அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"சேப்பல் பாட்டு மட்டும்தான் வாசிக்கணும். வேற ஏதாவது காதுல விழுந்துச்சு, அடுப்புல வச்சுடுவேன்."

லெஸ் வாக்கு மாறவே இல்லை. சேப்பல் பாட்டு மட்டும்தான் வாசித்தான். என்ன, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் வேகமாக வாசித்தான். ஒரு வருஷத்தில் அதைக் கேட்கிறவர்களுக்குக் கால் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. போதகரே ஒருநாள் கூப்பிட்டு, "கர்த்தருக்கு ஒண்ணும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இல்ல, தம்பி" என்றார். சொல்லும்போது அவர் காலும் ஆடியதை அம்மா பார்த்துவிட்டார்.

பிறகு ஆலையில் சேர்ந்தான். அங்கே மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு ஆரம்பித்தான். நூல் சுற்றுகிற கட்டையின் பெயரையே வைத்து பாபின்ஸ் என்று பெயர். அந்த நாளில் கிதார் வைத்திருந்த நாலு பையன்கள் சேர்ந்து நின்றால் லண்டனிலிருந்து ஒருவர் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இவர்களையும் ஒருவர் கூட்டிப்போனார். இறுக்கமான கால்சட்டை தைத்துக் கொடுத்தார். யாரோ எழுதிய ஒரு பாட்டைக் கையில் கொடுத்தார். "டோரீன், கதவைத் திற" என்பது அந்தப் பாட்டு. வெளியில் மழை, உள்ளே டோரீன், வாசலில் ஒருவன். மூன்று நிமிஷமும் அவன் கெஞ்சுவான். அவள் திறக்க மாட்டாள். நடுநடுவே மற்ற மூவரும் "டொக் டொக் டொக்" என்பார்கள். அவ்வளவுதான் பாட்டு.

அது நாடு முழுக்க ஓடியது. தரவரிசையில் பதினோராவது இடம். தொலைக்காட்சியிலும் ஒருமுறை பாடினார்கள். வீட்டில் பெட்டி கிடையாது என்பதால் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய், தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"அந்தப் பொண்ணுக்குத் திறக்க இஷ்டம் இல்லைன்னா விட்டுட வேண்டியதுதானே? நாகரிகமான பிள்ளையா இருந்தா வீட்டுக்குப் போயிருப்பான்."

அடுத்த பாட்டு ஓடவில்லை. அதற்கடுத்ததை வெளியிட்டார்களா என்பது லெஸ்ஸுக்கே சரியாகத் தெரியாது. கடைசியாக ஒரு கடற்கரை ஊரில் பாடியபோது கீழே இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம். மத்தளம் தட்டிய ஃபிராங்க் கறிக்கடை வைத்தான், மற்ற இருவரும் ஆலைக்கே திரும்பினார்கள். லெஸ் ரொட்டி வண்டி ஓட்டப் போனான். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மொரீனைக் கட்டிக்கொண்டான். அவள் பெயர் டோரீன் இல்லை என்பதில் ஊருக்கு இன்றுவரை ஒரு குறை உண்டு.

கிதாரை மட்டும் அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்பட்டு ஊர்களில் தொழிலாளர்கள் பீர் குடித்தபடி பாட்டுக் கேட்கிற கிளப்புகளில் பாடப் போவான். ரொட்டி வண்டி முதலாளியுடையது, ஞாயிறன்று எடுக்கக் கூடாது. அதனால் பஸ்தான். கிதாரைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டி அலமாரி கனம். அதன் ஒரு பக்கத்தை லெஸ் பிடிப்பான், மறுபக்கத்தை மொரீன் பிடிப்பாள்.

"அந்தப் பக்கம் நீ பிடி."

"பிடிச்சுட்டேன். தூக்கு."

"மெதுவா, மெதுவா. கால்ல போட்டுக்காத."

"நீ பேசாம நட, நார்மலா நடந்தாலே போதும்."

பதிமூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் இதே பேச்சு. ஒருநாள் ரொட்டி இறக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு அவன் வாயில் ராகமாக வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பாட்டாகவே கட்டி முடித்தான். அந்தத் தெருவில் அன்று எல்லாருக்கும் காலைச் சாப்பாடு தாமதம்.

"அந்தப் பக்கம் நீ பிடி" என்பதுதான் பாட்டு. அவன் வாழ்க்கையில் அவனே எழுதிய முதல் பாட்டு. வீட்டில் பாடிக் காட்டினான். மொரீன் முழுவதும் கேட்டுவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் வந்து, "இதை யாராவது கேக்கணும், லெஸ்" என்றாள்.

அங்கேதான் சிக்கல். கிளப்புகளில் அவன் எந்தப் புதுப் பாட்டை ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் யாராவது மேசையைத் தட்டுவார்கள். "டொக் டொக் டொக்!" உடனே கூடம் முழுக்க டொக் டொக் என்று தட்டும். டோரீனைப் பாடினால்தான் விடுவார்கள். லெஸ் சேப்பலில் முழங்காலிட்டு, "கர்த்தாவே, பேர் வேணாம், புகழ் வேணாம். இந்தப் பாட்டை ஒரே ஒரு ஆள் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கேட்டாப் போதும். தலையாட்டத் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது" என்று ஜெபம் பண்ணினான்.

பிறகு தபால் நிலையத்து ஓரத் தொலைபேசிக் கூண்டுக்குப் போய், லண்டனில் ஹ்யூகோ என்பவருக்குப் பேசினான். டோரீன் பாட்டைப் பதிவு செய்த நாளில் ஒலிப்பதிவு அறையில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தவர். இப்போது ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் பெரிய ஆள். பலமுறை கூப்பிட்ட பிறகு ஹ்யூகோ ஒருநாள், "வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்காட்லாந்து போறேன். உங்க ஊர்ல ரயில் மாறணும். நடுவுல ஒரு மணி நேரம் இருக்கு. பாட்டைக் கேக்கறேன்" என்றார்.

அந்த ஞாயிறு லெஸ்ஸுக்குச் சொந்த ஊரிலேயே, பிரிம்ஷா கிளப்பிலேயே மதியக் கச்சேரி.

ஞாயிறு மதியம் அங்கே ஆண்கள் மட்டும்தான். வீட்டுப் பெண்கள் மாட்டிறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு வராவிட்டால் நாய்க்குப் போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மொரீனை மட்டும் உள்ளே விடுவார்கள். ஒலிபெருக்கிக்கு மறுபக்கம் ஆள் வேண்டுமே. ஆனால் அவளுக்கு நாற்காலி கிடையாது. மேடை ஓரத்தில் பின்கதவை ஒட்டிக் கவிழ்த்து வைத்த பீர் பெட்டிதான்.

நாற்காலி அந்தக் கிளப்பில் சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வெந்நீர்க் குழாய் பக்கத்து நாற்காலி ஆல்பி கிராஃப்ட் உடையது. ஆல்பி குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க அதில் அவர் தொப்பி உட்கார்ந்திருந்தது. கூட்டம் நிரம்பி வழிந்த நாளிலும் தொப்பியை யாரும் எழுப்பவில்லை.

கிளப்பின் கச்சேரிச் செயலாளர் எர்னஸ்ட் பில்லிங். மேடையில் அவருக்கென்று ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, கையருகே மின்சார விசை. பாட வருகிறவன் எவ்வளவு பெரியவனானாலும் அந்த விசைக்குக் கீழேதான். யாராவது பாடும்போது கூடத்தில் பேச்சுச் சத்தம் எழுந்தால், அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அமைதி! அமைதி கொடுங்க! பாட வந்தவரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான்!" என்று கத்துவார். கத்தினால் கூடம் அடங்கிவிடும். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"தம்பி, உன் சொந்தப் பாட்டு கிட்டு எதையும் எடுத்து விட்டுடாத" என்று அன்று அவர் முதலிலேயே சொன்னார். "நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத பாட்டைக் கேட்டா பசி வந்துடும். பசி வந்தா எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"ஒண்ணே ஒண்ணு, மிஸ்டர் பில்லிங். முதல் சுற்றுல பாடிடறேன்."

"ரெண்டு சுற்றுலயும் டோரீன்."

முதல் சுற்று முடிந்தது. ஹ்யூகோ வரவில்லை. அவர் ஏறிய டாக்ஸி பிரிம்ஷாவின் இன்னொரு கிளப்பில் அவரை இறக்கிவிட, அங்கே புறாப் பந்தயக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்தது பிங்கோ, எண்களை வாசிக்க வாசிக்க அவரவர் சீட்டில் பென்சிலால் அடிக்கிற பரிசு விளையாட்டு. பிங்கோ நேரத்தில் அந்தக் கூடத்தில் இருக்கிற அமைதி சேப்பலில் ஜெப நேரத்திலும் இருக்காது. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வருவார்கள். வாசல்காரன் சிட், வேகவைத்த சிப்பிக் கறி விற்க வந்தவனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வெளிர் நிறக் கோட்டு, கழுத்தில் பட்டுத்துணி சகிதம் ஹ்யூகோ உள்ளே நுழைந்தார். சுற்றிலும் பார்த்தார். ஒரே ஒரு நாற்காலிதான் காலி. ஆல்பி தொப்பியை அதில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போயிருந்தார். ஹ்யூகோ அந்தத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மேடை ஓரத்திலிருந்து பார்த்த லெஸ் பீர் பெட்டிப் பக்கம் குனிந்தான். "மொரீன், அந்தாளு ஆல்பி நாற்காலியில உக்காந்துட்டாரு."

"கர்த்தர்தான் காப்பாத்தணும்" என்றாள் மொரீன்.

அதோடு நிற்கவில்லை. எர்னஸ்ட் எண்ணை வாசிக்கும்போது ஹ்யூகோ பக்கத்து ஆளைத் தோளில் தட்டி, நன்றாகக் கணீரென்று, "மன்னிக்கணும், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

நூறு பென்சில்கள் நின்றன. எர்னஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். அதே நேரம் கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஆல்பி வந்து சேர்ந்தார்.

"யாருய்யா இது? என் தொப்பி எங்க?"

"இதோ இருக்குங்க."

"கையால எடுத்தியா? தொப்பியைக் கையால எடுத்தியா?"

"காலால எடுத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பியா ஆல்பி?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"இவரைக் கூட்டி வந்த உறுப்பினர் யாரு?" என்றார் எர்னஸ்ட். உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் வெளியாள் உள்ளே வரக் கூடாது. லெஸ் கை தூக்கினான். "தம்பி, நீ பாட வந்தவன். உறுப்பினர் இல்ல. கையை இறக்கு."

சிட் வந்தான். சிப்பி வாங்கிய குற்ற உணர்ச்சியில் கொஞ்சம் அதிக மரியாதையாகவே ஹ்யூகோவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிங்கோ தொடர்ந்தது. லெஸ் பின்கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பின்முற்றத்தில், பீப்பாய்களுக்கு நடுவே, கொட்டுகிற மழையில் ஹ்யூகோ ஒரு தகரத்துக்குக் கீழே ஒண்டிக்கொண்டு டாக்ஸிக்காக நின்றார். கையில் ஒரு கிண்ணம் சிப்பி. பாவப்பட்டு சிட் கொடுத்திருந்தான்.

"போச்சு" என்றான் லெஸ். "டாக்ஸி வந்தா போயிடுவாரு."

"போய்ப் பேசிட்டு வா."

"மேடையை விட்டு இறங்கினா பில்லிங் வேற ஆளை ஏத்திடுவாரு. இந்தக் கிளப்புல மறுபடி கால் வைக்க முடியாது."

மொரீன் பீர் பெட்டியில் உட்கார்ந்தபடி கதவைப் பார்த்தாள். நெருப்புப் பிடித்தால் திறக்கிற கதவு. குறுக்கே ஒரு இரும்புத் தண்டு. தள்ளினால் போதும்.

"அப்ப இறங்காத" என்றாள். "அங்கேயே நில்லு."

எர்னஸ்ட் ஒலிவாங்கியில், "ரெண்டாவது சுற்று! நம்ம டோரீன்!" என்று அறிவித்தார். மேசைகள் டொக் டொக் என்றன. லெஸ் கிதாரை மாட்டினான். மொரீனைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் எழுந்து, ஒலிபெருக்கியைத் தூக்குகிற அதே பலத்தோடு தண்டைத் தள்ளினாள்.

கதவு ஆவென்று திறந்தது. மழையும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. முன் மேசையில் இருந்த பிங்கோச் சீட்டுகள் பறந்தன. லெஸ் கூடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, முற்றத்தைப் பார்த்து, "அந்தப் பக்கம் நீ பிடி" என்று ஆரம்பித்தான்.

"டேய், கதவை மூடு!"

"குளிருதுடா பாவி!"

"பதிமூணு வருஷமா கதவைத் திற, கதவைத் திறன்னு கெஞ்சினான். அவ திறக்கல. இப்ப பொண்டாட்டியை விட்டுத் திறந்துட்டான்!"

"தம்பி, திரும்பு!" என்றார் எர்னஸ்ட். லெஸ் திரும்பவில்லை. எர்னஸ்ட் விசையை இறக்கினார். ஒலிபெருக்கி ஒரு முனகலோடு செத்தது. மின்சாரம் இல்லாத கிதார் கொசு மாதிரி ஒலித்தது. லெஸ் வெறும் தொண்டையால் பாடிக்கொண்டே போனான். கூடத்தில் கூச்சல் எழுந்தது.

கூச்சல் எழுந்ததும் எர்னஸ்டின் கை தானாக மேசையில் அடித்தது. வாய் தானாகத் திறந்தது.

"அமைதி! அமைதி கொடுங்க! பாட வந்தவரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் அதற்குள் கூடம் அடங்கிவிட்டது. நூறு ஆண்பிள்ளைகள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பழக்கத்தால் வாயை மூடி, ஒரு முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே ஹ்யூகோ சிப்பி மெல்லுவதை நிறுத்தினார். இரண்டடி முன்னால் வந்தார். அப்புறம் மழையில் நனைந்துகொண்டே வாசற்படி வரைக்கும் வந்தார். சிட் ஓடிவந்து அவர் காலைப் பார்த்து, "படியைத் தாண்டக் கூடாது சார், அங்கேயே நின்னுக்குங்க" என்று காதோடு சொன்னான். அவர் தாண்டவில்லை. படியில் நின்று, கடைசி வரி வரைக்கும் கேட்டார். தலையாட்டினார்.

முற்றத்துக்கு வெளியே டாக்ஸி ஒலித்தது. "நான் கூப்பிடறேன், லெஸ்" என்று சொல்லிவிட்டு, சிப்பிக் கிண்ணத்தைச் சிட்டிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

மொரீன் கதவை இழுத்துச் சாத்தினாள். ஒருவரும் கைதட்டவில்லை. ஆல்பி மட்டும், "பாட்டு பரவால்ல. முதுகுதான் சுமார்" என்றார். பிறகு லெஸ் திரும்பி நின்று டோரீன் பாடினான். டொக் டொக் என்று தட்டிவிட்டு எல்லாரும் இறைச்சி ஆறுவதற்குள் வீட்டுக்குப் போனார்கள்.

நிர்வாகக் குழு கூடியது. "ஒருத்தன் சுருதி தப்பிப் பாடியிருக்கான், ஒருத்தன் போதையில விழுந்திருக்கான். முதுகைக் காட்டினவன் இவன்தான்" என்றார் எர்னஸ்ட். லெஸ் இனி அந்தக் கிளப்பில் பாடக் கூடாது என்று முடிவாயிற்று.

ஹ்யூகோ சொன்னபடியே கூப்பிட்டார். லெஸ் தபால் நிலையத்துக் கூண்டுக்குள், மொரீன் வெளியே.

"பாட்டு அருமை, லெஸ். எங்ககிட்ட ஒரு சின்னப் பையன் இருக்கான், அழகான பையன். அவன் பாடட்டும். உங்க குரல்ல... எப்படிச் சொல்றது..."

"வயசு தெரியுதா?"

"ரொட்டி தெரியுது."

லெஸ் கூண்டை விட்டு வந்து விஷயத்தைச் சொன்னான். மொரீனுக்குக் கோபம் வந்தது.

"அந்தப் பையன் வாழ்க்கையில எதையாவது தூக்கியிருக்கானா? எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா அவனுக்கு?"

லெஸ் கூண்டுக் கதவைச் சாத்தினான். அவனுக்கும் வலிக்கத்தான் செய்தது. பிறகு, "ஒரே ஒரு ஆள் கேட்டாப் போதும்னுதான் நான் ஜெபம் பண்ணினேன், மொரீன்" என்றான். "ஒரு ஆள் கேட்டாச்சு. கூட நூறு பேரும் கேட்டாங்க, குளிர்ல. அதுக்கு மேல நானேதான் பாடணும்னு அடம் பிடிச்சா, கொடுத்தவருக்கு எப்படி இருக்கும்? பையன் பாடட்டும்."

"அப்ப பேர் வேணாம்னு கேட்டியே, அதையும் அப்படியே கேட்டுக்கிட்டாரு பாரு" என்றாள் மொரீன். ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பையன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பாடினான். கோடை வந்தபோது நாடு முழுக்க அந்தப் பாட்டுதான். ரொட்டி வாங்க வரும் பெண்கள் லெஸ் முன்னாலேயே முணுமுணுத்தார்கள். "டோரீன், இந்த மாதிரிப் பாட்டு ஒண்ணு நீ பாடியிருந்தா எங்கயோ போயிருப்ப" என்றாள் ஒருத்தி. லெஸ் அவளுக்கு ஒரு பன் கூடுதலாகக் கொடுத்தான்.

ஒருநாள் எர்னஸ்ட் பில்லிங் ரொட்டி வண்டிக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, அந்தச் சின்னப் பையன் பாட்டு உனக்குத் தெரியுமா? நம்ம ஆளுங்க கேக்கறாங்க."

"கொஞ்சம் தெரியும், மிஸ்டர் பில்லிங்."

"வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாடு. எங்களைப் பார்த்துப் பாடு. கதவு மூடியிருக்கணும்."

அந்த ஞாயிறு லெஸ் கூடத்தைப் பார்த்து நின்று பாடினான். யாரும் மேசையைத் தட்டவில்லை. முடிந்ததும் ஆல்பி, "பையன் மாதிரி வரல. ஆனா பரவால்ல" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "யோவ், இதை நாம ஏற்கெனவே எங்கயோ கேட்டிருக்கோம்."

"ரேடியோல."

"இல்லய்யா. ரேடியோல எனக்குக் கழுத்துல குளிர் அடிக்கல."

கூடம் யோசித்தது. ஒவ்வொருவராக மேடையைப் பார்த்தார்கள், பின்கதவைப் பார்த்தார்கள், அதன் பக்கத்தில் பீர் பெட்டியில் உட்கார்ந்திருந்த மொரீனைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் கிளப்பில் கிடையாது.

அடுத்த முறை அவர்கள் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பீர் பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. காற்று வராமல் கதவை அடைத்துக்கொண்டு உட்காரத்தான் என்றார் எர்னஸ்ட், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மொரீன் உட்கார்ந்தாள். ஆண்கள் மட்டுமே இருக்கிற அந்தக் கூடத்தில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகொரு ஞாயிறு மொரீனுக்குச் சளி, வரவில்லை. ஃபிராங்க்தான் கறிக்கடையை அடைத்துவிட்டு மறுபக்கம் பிடிக்க வந்தான். தூக்கி வைத்த களைப்பில் அந்த நாற்காலியில் உட்காரப் போனான்.

"எந்திரிய்யா" என்றார் ஆல்பி, வெந்நீர்க் குழாய் ஓரத்திலிருந்து. "அது மொரீன் நாற்காலி."

லெஸ் கிதாரைச் சுருதி சேர்க்கிற சாக்கில் குனிந்துகொண்டான். ஆல்பி எழுந்து வந்து, தன் தொப்பியைக் கழற்றி அந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.